காட்டரிசியை வெட்ட முன்: கவர்த்தா ஏரிக்கரைத் தமிழருக்கு ஒரு திறந்த மடல்

கவர்த்தா ஏரிகளின் கரையில் கொட்டேஜ் வாங்கியிருக்கும், வாங்க நினைத்திருக்கும் அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும்,

ஒரு காலத்தில் நாங்கள் அங்கே வாடகைக்குப் போய், மூன்று குடும்பம் ஒரு வீட்டில் நெருக்கிப் படுத்து, கோழி வாட்டித் தின்றுவிட்டு ஞாயிறு பின்னேரம் ஸ்கார்பரோவுக்குத் திரும்பிய ஆட்கள். இன்று பிஜன் லேக்கிலும் பக்ஹோர்னிலும் செமோங்கிலும் சொந்தமாக வீடு, சொந்தமாக டொக், சொந்தமாகப் போட். சந்தோசம். ஆனால் ஒவ்வொரு ஆடியிலும் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது: டொக்குக்கு முன்னால் இடுப்பளவு, நெஞ்சளவு உயரத்தில் ஒரு பச்சைப் புல், கீழே ஒரு கேள்வி. "இதை வெட்ட ஆள் இருக்கா? எந்த மெசின் நல்லது?" பதில்களும் வரிசையாக வரும். ஒருவர் குப்பைவாரி என்பார், ஒருவர் மருந்து என்பார், இன்னொருவர் "ஒரு நாள் வேலை அண்ணை, நான் வந்து அறுத்துத் தாறன்" என்பார்.

அந்தக் கேள்விக்கு என் பதில்: முதலில் என்ன புல் என்று பாருங்கள். காட்டரிசி என்றால் வெட்ட வேண்டாம். அதை இன்னும் வளர்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் இப்போது உங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

படத்தில் நிற்பது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். சுருட்டுப் போலக் கபில நிறக் கதிர் இருந்தால் அது சம்பு. பன்னிரண்டடி, பதினைந்தடி உயர்ந்து, உச்சியில் ஊதா கலந்த பஞ்சுத் தலையோடு அடர்ந்து நின்றால் அது பிராக்மைட்டிஸ் என்ற வெளிநாட்டு நாணல். ஒன்ராறியோ முழுக்க அதை ஒழிக்கத்தான் பாடுபடுகிறார்கள். மூன்றாவதன் கதிரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேற்பாதிக் கிளைகள் ஒடுங்கி நிமிர்ந்து நிற்கும். அவை பெண் பூக்கள். கீழ்ப்பாதிக் கிளைகள் அகல விரிந்து, சின்ன மகரந்தப் பைகளைத் தொங்கவிட்டிருக்கும்; அவை ஆண் பூக்கள். ஒரே கதிரில் இரண்டும் இப்படி மேலும் கீழுமாகப் பிரிந்திருந்தால் அது காட்டரிசி. இதைப் பூர்வகுடிகளான அனிசினாபே மக்கள் மனூமின் என்பார்கள். தாவர நூல்களில் சிசானியா. தென் ஒன்ராறியோவில் இரண்டு இனங்கள் உண்டு: சிசானியா பலுஸ்திரிஸ், அதைவிட உயரமான சிசானியா அக்குவாட்டிக்கா. எங்கள் நெல்லுக்குக் கிட்டிய உறவு, ஆனால் நெல் அல்ல.

இது ஓராண்டுப் புல் என்பதைத்தான் பலர் நம்ப மாட்டார்கள். அவ்வளவு உயரத்துக்கு வளர்ந்து நிற்பது முழுக்க அந்த வசந்தத்தில் முளைத்தது. கிழங்கு கிடையாது, பழைய வேரிலிருந்து தளிர்ப்பதும் கிடையாது. விழுந்த விதை மட்டுமே அடுத்த வருடத்து மூலதனம். ஆகவே கதிர் முற்ற முன் வெட்டினால் அந்த வருடப் புல்லோடு அடுத்த வருடப் புல்லும் போகிறது. சேற்றில் உறங்கும் விதைகளில் சில ஐந்தாறு வருடம்கூட முளைக்காமல் காத்திருக்கும் என்பதால்தான் ஒரே வெட்டில் எல்லாம் அழிந்துவிடுவதில்லை. வருடக்கணக்கில் தொடர்ந்து வெட்டினால் அந்தச் சேமிப்பும் தீர்ந்துவிடும்.

பனி உருகி நீர் கொஞ்சம் சூடேறியதும், சித்திரை கடைசி வைகாசி அளவில், ஏரியின் அடியில் விதை முளைக்கும். முதல் இலைகள் நீருக்குள்ளேயே இருக்கும். யார் கண்ணிலும் படாது. ஆனி மாதத்தில் நாடா போன்ற இலைகள் மேலே வந்து நீர்மட்டத்தில் படுக்கும், காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எல்லாம் ஒரே திசையில். மேற்பரப்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் நீர்த்துளி உருண்டு ஓடும். இந்தச் சில வாரங்கள்தான் செடிக்கு உயிர்கண்டம். இலை மிதக்கிறது, வேரோ இன்னும் சேற்றைப் பிடிக்கவில்லை. நீர்மட்டம் திடீரென அரை அடி உயர்ந்தால் மிதக்கும் இலை செடியையே பிடுங்கிக்கொண்டு மேலே வரும். ஜெட் ஸ்கீ ஒன்று கரையோரமாக இரண்டு தடவை சுற்றினாலும் அதே கதிதான். கோடை விடுமுறையின் முதல் குதூகலமும் காட்டரிசியின் மெலிந்த பருவமும் ஒரே மாதத்தில் வந்து விழுவது அதன் தலைவிதி.

ஆடியில் தண்டு நிமிர்ந்து வெளியே வரும். ஆடிக் கடைசி, ஆவணியில் பூக்கும். பெண் பூ முதலில் விரிந்துவிடும், அதே கதிரின் ஆண் பூ பிந்தித்தான் விரியும். அதனால் பக்கத்துச் செடியின் மகரந்தம் காற்றில் வந்துதான் மணி பிடிக்கும். ஆவணிக் கடைசி தொடக்கம் புரட்டாதி நடுப்பகுதி வரை உச்சியிலிருந்து கீழ்நோக்கி முற்றும். ஒரே நாளில் முற்றாது, இரண்டு கிழமை எடுக்கும். முற்றியது தானாக உதிரும். உதிர்ந்த மணியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஊசி போல ஒல்லி, முனையில் மணியைவிட நீண்ட வால், வாலில் பின்னோக்கிய நுண்ணிய முட்கள். விரலை ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், மறுபக்கமாகத் தடவினால் அறுக்கும். கனமான முனை கீழே, வால் மேலே என்று நேராக மூழ்கிச் சேற்றில் குத்தி நிற்கும். அந்த முட்கள் அதை அசையவிடா. நாற்று நடுவதும் விதைப்பதும் புல்லே தனக்குத் தானே செய்துகொள்கிற வேலை.

இனி, இது யாருடையது என்ற விசயம்.

மிசிசாகா என்றால் எங்களுக்கு ஸ்குவேர் வண் கடைத்தொகுதியும் நெடுஞ்சாலை 403-உம் நினைவுக்கு வரும். அது ஒரு மக்களின் பெயர். மிசிசாகா அனிசினாபே மக்களின் கேர்வ் லேக், ஹயவாதா, ஆல்டர்வில், ஸ்குகொக் தீவு ஆகிய சமூகங்கள் இந்த ஏரிகளைச் சுற்றித்தான் இன்றும் வாழ்கின்றன. பீற்றர்பரோவுக்குத் தெற்கே ஒரு ஏரிக்கே ரைஸ் லேக் என்று பெயர். இன்று அங்கே போய் அந்தப் பெயருக்குக் காரணம் தேடினால் ஏமாந்து போவீர்கள். 1833-இல் பொப்கேஜனில் முதல் நீர்ப்பூட்டைக் கட்டத் தொடங்கி, 1920-இல் 386 கிலோமீற்றர் நீள ட்ரென்ட்-செவெர்ன் நீர்வழியை முடிக்கும்வரை, அணைக்கு மேல் அணை கட்டி ஏரிகளின் நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். கப்பலுக்கு ஆழம் வேண்டும், காட்டரிசிக்கு ஆழம் எமன். வெளியிலிருந்து வந்த கார்ப் மீன் மிச்சத்தைக் கிண்டிப் பிடுங்கியது.

குளத்துத் துருசு எவர் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் வயலும் என்பதை வன்னியில் பிறந்தவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1923-இல் வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் என்று ஏழு பூர்வகுடிச் சமூகங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதைக் காட்டியே வேட்டை, மீன்பிடி, சேகரிப்பு உரிமைகளைப் பின்னால் மறுத்தார்கள். 2018-இல்தான் கனடாவும் ஒன்ராறியோவும் அந்த உரிமைகளை ஏற்று, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டன. இடையில் தொண்ணூற்றைந்து வருடம். உங்கள் கொட்டேஜ் உறுதிப்பத்திரத்தில் இதில் ஒரு வரியும் இருக்காது.

அந்த இடைக்காலத்திலும் கேர்வ் லேக்கைச் சேர்ந்த ஜேம்ஸ் வெட்டுங் போன்றவர்கள் விதையை மூட்டையில் கட்டி, வள்ளத்தில் கொண்டுபோய்ப் பல பத்தாண்டுகளாக ஏரிகளில் தூவி வந்தார்கள். பிஜன் லேக்கில் புல் திரும்பி வந்தது. கரையோர வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை: நீந்த முடியவில்லை, போட் விட முடியவில்லை, காணி விலை விழும். 2015-இல், நீர்வழியை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடாவின் அனுமதியோடு இயந்திரம் இறக்கி அறுத்தார்கள். கேர்வ் லேக் எதிர்த்து நின்றபின் அறுப்பு நின்றது. ட்ரூ ஹேடன் டெய்லர் இந்த இழுபறியை வைத்து எழுதிய 'கொட்டேஜர்ஸ் அண்ட் இண்டியன்ஸ்' நாடகம் 2018-இல் ரொறன்ரோவில் மேடையேறியது. நாடகத்தின் தலைப்பில் இரண்டு கட்சிகள். கனடாவுக்கு வந்து காணி வாங்கிய நாங்கள் எந்தக் கட்சியில் போய் நிற்கிறோம் என்று கேட்டுப் பார்க்கிறேன். அகதியாக வந்த இனம் என்பதற்காக எங்களுக்கு அங்கே தனிச் சலுகை ஒன்றும் கிடையாது. பத்திரம் எங்கள் பெயரில் இருந்தால் நாங்களும் கொட்டேஜர்தான்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கரை உங்களுடையது; ட்ரென்ட்-செவெர்ன் ஏரிகளின் அடித்தளம் பெரும்பாலும் கூட்டாட்சி அரசின் கையில் இருக்கிறது. நீர்த்தாவரத்தை அகற்றவும் அனுமதி வேண்டும், கொண்டுவந்து நடவும் கேட்க வேண்டும். அறுவடைக்கும் ஒன்ராறியோவில் தனிச் சட்டமே உண்டு. மாகாண அரச நிலத்தில் உரிமம் இல்லாமல் காட்டரிசி எடுக்க முடியாது. "என்ரை டொக்குக்கு முன்னால தானே" என்ற வாதம் எடுபடாது.

வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இனிச் சொல்கிறேன். கடையில் வாங்கிய கறுத்த அரிசியை ஏரியில் போட்டுவிட்டு முளைக்குமென்று பார்த்திருப்பவர்களும் எங்களுக்குள் உண்டு. அது வறுத்து உமி நீக்கிய தானியம், முளைக்காது. முளைக்கும் விதை ஈர விதை மட்டும்தான். எங்கள் விதைநெல்லை நன்றாக உலர்த்திக் கோர்க்காலியில் கட்டி வைப்போம். இங்கே அந்தப் புத்தி செல்லாது. காட்டரிசி விதை உலர்ந்தால் செத்துப்போகும். செடியிலிருந்து உதிர்ந்த நேரம் முதல் அது ஈரமாகவும் குளிராகவும் இருக்க வேண்டும். சாக்கில் குவித்து வெயிலில் வைத்தால் புழுங்கிச் சூடேறி அதுவும் சாவுதான். நீரில் நனைத்து, நிழலில் வைத்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் தூவிவிடுவது நல்லது.

விதை எங்கிருந்து வருகிறது என்பது அடுத்தது. இணையத்தில் மினசோட்டாவிலிருந்தோ கலிபோர்னியாவிலிருந்தோ தருவித்து இங்கே கொட்டாதீர்கள். கலிபோர்னிய விதை வயலில் பயிர் செய்வதற்காக, கதிரிலேயே மணி நிற்கும்படி தெரிந்தெடுத்து வளர்த்த இரகம். உதிராத குணம் ஏரியில் கலந்தால், தானாக விழுந்து தானாக முளைக்கிற புல்லுக்கு அது குழிபறிப்பு. அந்த ஏரியில் அல்லது பக்கத்து ஏரியில் விளைந்த விதைதான் வேண்டும். அதை வைத்திருக்கிறவர்களும் எங்கே தூவலாம் என்று தெரிந்தவர்களும் யார் என்று மேலே சொல்லிவிட்டேன். போய்க் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான்.

இடத்தைப் பொறுத்தவரை அரை அடி முதல் மூன்றடி வரை ஆழம். ஒன்றரை அடி, இரண்டடி மிக நல்லது. அடியில் மெத்தென்ற சேறு வேண்டும். காலை வைத்தால் கணுக்கால் வரை புதைய வேண்டும். மணலும் கல்லும் ஆகாது. சற்றே ஓட்டமுள்ள நீர், அதாவது ஆறு வந்து கலக்கும் அல்லது ஏரி வடியும் வாய்ப்பகுதி, தேங்கிய குடாவைவிட எப்போதும் மேல். அல்லியும் சம்பும் ஏற்கெனவே நிறைந்த இடத்தில் ஓராண்டுப் புல்லுக்குப் பிழைப்பு இல்லை. அவை கிழங்கில் தேக்கிய பலத்தோடு ஒவ்வொரு வசந்தத்திலும் முந்திக்கொள்ளும்.

தூவும் காலம் புரட்டாதி, ஐப்பசி. அறுவடை நடந்த கையோடு. ஏக்கருக்கு 50 இறாத்தல் ஈர விதை என்பது வழக்கமான கணக்கு. அப்படியென்றால் இருபதடிக்கு ஐம்பதடி இடத்துக்கு ஒன்றேகால் இறாத்தல் போதும். வள்ளத்தில் இருந்து கையால் வீசினால் சரி, விதை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். பிறகு பனி மூடிய நீருக்கடியில் மூன்று நான்கு மாதம் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் கிடக்க வேண்டும். அந்த உறக்கம் இல்லாமல் முளைப்பு இல்லை. வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் "கொஞ்சம் விதை அனுப்பு, குளத்தில் போட்டுப் பாப்பம்" என்று கேட்கும் உறவுகளுக்கும் இதுவே பதில்.

ஒரு வருடம் தூவிவிட்டுக் கையைக் கழுவ முடியாது. மூன்று நான்கு வருடம் தொடர்ந்து தூவினால்தான் சேற்றில் விதைச் சேமிப்பு உண்டாகும். வேர்விட்ட இடத்திலும் எல்லா வருடமும் ஒரே மாதிரி விளையாது. நான்கு வருடத்தில் ஒன்று அமோகம், ஒன்று படுதோல்வி, மற்ற இரண்டும் நடுத்தரம் என்பது அனுபவஸ்தர்களின் கணக்கு. அமோகமாக விளைந்த வருடத்தின் வைக்கோல் அடியில் கிடந்து உக்கும்போது சேற்றின் நைதரசனைத் தன்னிடம் கட்டி வைத்துக்கொள்ளும். அடுத்த வருடப் பயிருக்குப் பசளை குறையும். அதற்காக உரம் போடப் போய்விடாதீர்கள். ஏரி முழுக்கப் பாசி பூத்தால் அந்தக் கணக்கும் உங்கள் தலையில்தான்.

எதிரிகளில் முதலாவது கனேடிய வாத்து. மிதக்கும் இலைப் பருவத்தில் ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு காலையில் பாத்தி மொட்டை. சின்னப் பாத்தி என்றால் முதல் இரண்டு வருடம் கம்பு நட்டுக் கயிறு கட்டலாம், ஆனால் அதற்கும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கார்ப் மீனுக்கு நீங்கள் தனியாகச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. போட் அலைக்கு நிறையச் செய்யலாம்: ஆனியில் கரையிலிருந்து ஆழமான நீர் வரும்வரை எஞ்சினை அடக்கி ஓட்டுங்கள், வரும் விருந்தாளிக்கும் சொல்லிக்கொடுங்கள்.

ஏரி இல்லாதவர்கள், மார்க்கம் வீட்டுப் பின்முற்றத்தில் ஆசைக்கு வளர்க்க நினைப்பவர்கள், ஆழமான ஒரு தொட்டியில் அரை அடி சேறும் மேலே ஓரடி நீரும் விட்டு முயலலாம். விதையை நீர் நிறைந்த போத்தலில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மிகக் குளிரான தட்டில், உறையவிடாமல், மாரி முழுக்க வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை நீரை மாற்றாவிட்டால் பெட்டியைத் திறக்க முடியாது, அப்படி நாறும். நாலைந்து செடியில் காற்று மகரந்தம் சரியாகப் பிடிக்காது. பார்த்து ரசிக்கலாம், பொங்கிச் சாப்பிடும் அளவுக்கு வராது.

சாப்பிட வேண்டுமென்றால் அறுவடை செய்யும் பூர்வகுடிக் குடும்பங்களிடம் வாங்குங்கள். ஏன் அந்த விலை என்பது வேலையைப் பார்த்தால் விளங்கும். வள்ளத்தில் ஒருவர் நின்று கவைக்கோலால் ஊன்றித் தள்ளுவார், மற்றவர் இருந்தபடி ஒரு கோலால் கதிரை வள்ளத்துக்குமேல் வளைத்து, மறு கோலால் மெல்லத் தட்டுவார். முற்றியது மட்டும் உள்ளே விழும். முற்றாதது கதிரிலேயே நிற்கும். சில நாள் கழித்துத் திரும்பி வருவார்கள். தப்பியது ஏரிக்கு விதை, தாராவுக்குத் தீன். வள்ளத்தில் நெல்லோடு கடிக்கிற புழுவும் சேர்ந்து விழும். அதோடு வாலின் சுணை சட்டைக்குள் ஏறி இரவெல்லாம் அரிக்கும். கரைக்கு வந்தபின் உலர்த்தி, இரும்புச் சட்டியில் விறகுத் தீயில் துடுப்பால் கிளறி வறுத்து, குழியில் இட்டுக் காலால் மிதித்து உமி கழற்றி, மரப்பட்டைத் தட்டில் புடைப்பார்கள். சூடு மிதித்துச் சுளகில் புடைத்த குடும்பங்களில் இருந்து வந்தவர்களுக்கு இதில் வறுவல் ஒன்றுதான் புதிது. ஈர நெல்லில் பாதிக்குக் குறைவாகவே அரிசி தேறும்.

கடையில் மினுங்கக் கறுப்பாக இருப்பது பெரும்பாலும் வயலில் விளைந்தது. அவிய முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம்கூட எடுக்கும். ஏரியில் எடுத்து விறகில் வறுத்தது கபிலமும் பச்சையும் கலந்து மங்கலாக இருக்கும். இருபது நிமிடத்தில் வெடித்து விரிந்துவிடும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர். புகை வாசம் இருப்பதால் பாற்கஞ்சிக்குச் சரிவராது என்பது என் நாக்கு. மீன் சொதியோடு அருமை. இட்டலிக்கு அரைத்துப் பார்க்க வேண்டாம், மா பிடிக்காது.

நீந்தவும் போட் இறக்கவும் வழி வேண்டும் என்ற உங்கள் நியாயத்தை நான் மறுக்கவில்லை. டொக்கிலிருந்து ஆழ்நீர் வரை ஒரு ஒடுங்கிய பாதை போதும். அதற்கும் பார்க்ஸ் கனடாவிடம் அனுமதி கேட்டு, பெறும்வரை பொறுத்திருங்கள். நூறடி அகலத்துக்கு மொட்டையடிப்பது நீச்சலுக்காக அல்ல, படத்துக்காக.

கடைசியாக ஒன்று. உங்களில் பலர் இப்போது கொட்டேஜ் சங்கங்களில் உறுப்பினர்; சந்தா கட்டுகிறீர்கள், வாக்கு இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்துவிட்டு வருகிறீர்கள். வசந்தக் கூட்டத்தில் 'களை அகற்றல்' என்று ஒரு தீர்மானம் வந்தால், எந்தக் களை, ஏரியில் எந்த இடம் என்று எழுந்து கேளுங்கள். யூரேசிய மில்ஃபொயில் என்றால் தாராளமாகக் கையை உயர்த்துங்கள், அது உண்மையான தொல்லை. காட்டரிசி நிற்கும் இடம் என்றால், கேர்வ் லேக்கிடம் கேட்டாயிற்றா என்று கேட்டு, வரும் பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்